செவ்வாய், வெள்ளியில் நிற்கும் வண்டி

வியாழக்கிழமை காலை வானதியின் பட்டறை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கையில் கார் சாவியோடு இன்னொரு சாவியும் இருந்தது. அது அறுவடை வண்டிச் சாவி என்று பட்டறை மெக்கானிக் மூஸாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே சாவியைத் திருப்பித்தான் அவர் அந்த எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்திருந்தார்.

"வண்டியை ரிப்பேர் பண்ண வேண்டாம் மேடம்," என்றார் பரணிதரன், உட்காராமலே. "ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, போதும்."

"என்னன்னு எழுதணும்?"

"எஞ்சின்ல கோளாறு இல்ல, டிரைவர்தான் வேணும்னே நிறுத்துறான்னு. உங்க கையெழுத்து இருந்தா வண்டி உரிமையாளர் சங்கத்துல ஏத்துக்குவாங்க. அப்புறம் பகலவனுக்கு இந்தப் பக்கத்துல எவனும் ஸ்டியரிங்கைக் குடுக்க மாட்டான்."

வானதி நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். சென்னையில் எஞ்சின் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, குடவாசலில் வந்து பட்டறை போட்டவள். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடிக்காமல் ஸ்பேனரைத் தொட மாட்டாள். முப்பது வருஷமாக டீசல் பம்ப் பார்க்கும் மூஸாவுக்கு அதுதான் பெரிய சோதனை. அவருக்குக் கை முந்திக்கொள்ளும்.

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

பரணிதரன் சொன்னார். சிங்கப்பூரில் உழைத்த காசில் போன வருஷம் வாங்கிய செயின் வண்டி, சேற்றிலும் சங்கிலியில் ஊர்ந்து நெல் அறுப்பது. போன வருஷம் ஒரு நாள்கூட நின்றதில்லை. இந்தத் தை பிறந்ததிலிருந்து ஐந்து முறை நின்றுவிட்டது. நின்றதெல்லாம் செவ்வாய் அல்லது வெள்ளி. அதுவும் கிளம்பி இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, பாதி வயலில். மூன்று மெக்கானிக் வந்தார்கள். ஒருவர் ஃபில்டரை மாற்றினார், ஒருவர் பம்ப்பைப் பார்த்தார், ஒருவர் குழாயை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாகி ஓடியது. அடுத்த செவ்வாயோ வெள்ளியோ மறுபடி நின்றது.

"பம்ப் பார்த்தது நான்," என்றார் மூஸா. "அதுல ஒரு குறையும் கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன் பாய். மத்த நாள்ல வயல்ல எல்லார் முன்னாலயும் காலையில டீசல் ஊத்துவான். செவ்வாய், வெள்ளிக்கு மட்டும் முந்தின சாயங்காலமே, யாரும் இல்லாதப்ப ரொப்பி வச்சிடுறான். ஏன்? டேங்கோட பக்கவாட்டுத் தகடு வேற உள்ள ஒடுங்கிக் கிடக்கு. எங்க கொண்டுபோய் இடிச்சான்னு கேட்டா, இடிக்கலைங்கறான்."

"நிக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு செவ்வாய், வெள்ளிகூட நிக்காம ஓடலையா?"

"நடுவுல ஒரு வெள்ளி ஓடுச்சு. அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. தாராசுரத்துல ஒரு கல்யாணம், அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டேன். பாத்தீங்களா? நான் இல்லாதப்ப ஒழுங்கா ஓட்டறான்!"

"போன வருஷமும் இதே டிரைவர்தானே? அப்புறம் என்ன மாறியிருக்கு?"

"அவன் புத்தி மாறியிருக்கு."

வானதி சிரிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளி. இன்னைக்குச் சாயங்காலம் பகலவன் என்ன செய்றாரோ செய்யட்டும், தடுக்காதீங்க. காலையிலயும் எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். ஒண்ணு மட்டும் மாறணும். வண்டியை நீங்க ஓட்டணும்."

அவர் போனதும் மூஸா மெல்ல வந்தார். "டீசல்ல தண்ணி கலக்கறான். அதான் சாயங்காலமே ஊத்தறான். சரியா?"

"தண்ணி கலந்திருந்தா நீங்க கழட்டினப்ப பம்ப்புல துரு இருந்திருக்கணுமே, அண்ணே. இருந்துச்சா?"

மூஸா டீ வாங்கப் போனார்.

மறுநாள் காலை அவர்கள் போனபோது விவசாயி வீரையனின் ஆறு ஏக்கர் வயலில் பனி உலரத் தொடங்கியிருந்தது. வண்டி வரப்போரமாக நின்றது. பரணிதரனின் அம்மா பிரகதாம்பாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். செவ்வாய், வெள்ளியில் பூஜை போடாமல் வண்டி வயலில் இறங்கக் கூடாது என்பது அவர் சட்டம். சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்னால் சூடம். இடுப்பு உயரத்தில் வட்டமாக, முகம் மாதிரி இருந்த டீசல் டேங்க் மூடியில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

பகலவன் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். வேலை போகப்போகிற நாளிலும் தேய்த்துப் போட்டிருக்கிறானே என்று மூஸாவுக்கு ஏதோ செய்தது. அந்த ஊர் வயல்களில் அறுவடைக்கூலியாக இருந்தவர் பகலவனின் அப்பா. மகன் மூன்று வருஷம் பழகி ஓட்டுநர் ஆனவன்.

"பாம்பும்மா," என்றார் வீரையன், கேட்காமலே வானதியிடம். "செவ்வாக்கிழமை மெக்கானிக்கு வந்து கையை வச்சாரு. டேங்க் பக்கம் புஸ்ஸுனு சீறுச்சு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். வண்டிக்குள்ள பாம்பு இருக்கு."

"இருந்தா டீசல்ல குளிச்சு செத்திருக்கும், மாமா," என்றான் பகலவன். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அது.

வானதி டேங்கின் ஒடுங்கிய தகட்டை விரலால் தடவினாள். "அண்ணே, கீறல் இருக்கா பாருங்க."

மூஸா குனிந்து பார்த்தார். பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. இடித்திருந்தால் உரிந்திருக்காதா? அவருக்குக் குழப்பம் கூடியது.

"மூடி மட்டும் புதுசா தெரியுதே?"

"வண்டியை லாரியில ஏத்திட்டு வரும்போது பழைய மூடி எங்கயோ விழுந்துடுச்சுங்க," என்றான் பகலவன். "மார்கழியில திருவாரூர் கடையில வாங்கிப் போட்டது."

பரணிதரன் வண்டியில் ஏறினார். ஒன்பதே முக்காலுக்கு எஞ்சின் கிளம்பியது. நெல் விழுந்தது, வைக்கோல் பறந்தது, பின்னால் கொக்குகள் நடந்தன. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வண்டி ஜம்மென்று ஓடியது. பரணிதரன் மேலிருந்து பகலவனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. பகலவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு எஞ்சின் இரண்டு முறை இருமியது. சத்தம் மெலிந்து, வயலின் நட்டநடுவில் அடங்கிப்போனது.

பிறகு வீரையன் வரப்பிலிருந்து கேட்டார்: "இப்ப யாரு தம்பி நிறுத்தினது?"

பரணிதரனின் முகம் சிவந்தது. வானதி சேற்றில் இறங்கி நடந்தாள். "எல்லாரும் பக்கத்துல வாங்க. அம்மா, நீங்களும்." எல்லோரும் கூடியதும் சந்தனம் காய்ந்திருந்த மூடியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ்.

வீரையன் ஓரடி பின்வாங்கினார். ஒடுங்கிக் கிடந்த தகடு 'டொக்' என்று கொஞ்சம் வெளியே வந்தது.

"இதுதான் பாம்பு," என்றாள் வானதி. "உள்ள போன காத்து. அண்ணே, டீசல் ஏறக் கை பம்ப்பை நாலு அடி அடிங்க."

மூஸா அடித்தார். பரணிதரன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பியது. வானதி கைகாட்ட, அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும். அதுக்குத்தான் மூடியில ஊசித்துளை வச்சிருக்கான். பழைய மூடியில துளை பக்கவாட்டுல இருந்திருக்கும். இந்த மூடியில உச்சியில, நட்டநடுவுல இருக்கு." அவள் விரல் குங்குமத்தைத் தொட்டது. "துளை அடைபட்டா காத்து வராது. ரெண்டு மணி நேரம் ஓடினதும் டேங்க் உள்வாங்கும், டீசல் வராது, எஞ்சின் நிக்கும். இடிச்சு ஒடுங்கினா கீறல் விழும். இது காத்தில்லாம ஒடுங்கினது."

"அப்ப நான் பம்ப்பைப் பாத்து சரிபண்ணினது?" என்றார் மூஸா.

"வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"டீசல் இருக்கான்னு மூடியைத் திறந்து..." மூஸாவின் குரல் தேய்ந்தது. அன்று அவர் காதிலும் அந்தச் சத்தம் விழத்தான் விழுந்தது. அப்போது அவர் நினைப்பெல்லாம் பம்ப்பில் இருந்தது.

"மூணு பேரும் அதைத்தான் செஞ்சீங்க. வண்டி அப்பவே சரியாயிடுச்சு. அதுக்குமேல மாத்தினதெல்லாம் சும்மா மாத்தின சாமான். தாராசுரம் கல்யாணத்தன்னைக்கு நிக்காம ஓடினதும் இதனாலதான். பரணிதரன் சார் இல்லாததால இல்ல, அம்மா இல்லாததால."

பிரகதாம்பாள் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் வச்ச பொட்டா?"

"பொட்டு பாதிதாம்மா. காலையில பூஜைக்கு அப்புறம் டீசல் ஊத்த மூடியைத் திறந்திருந்தா சந்தனம் கலைஞ்சிருக்கும், வண்டி நின்னிருக்காது. மீதியை இவர்தான் சொல்லணும். பகலவன், அந்த ரெண்டு நாளுக்கு மட்டும் ஏன் முந்தின சாயங்காலமே ஊத்தறீங்க?"

பகலவன் பரணிதரனைப் பார்க்காமல் சொன்னான். "இந்தத் தையில முதல் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு டீசல் ஊத்தினேன். 'வச்ச பொட்டு காயறதுக்குள்ள அழிச்சிட்டியேடா'ன்னு அம்மா சொன்னாங்க. அன்னையிலேருந்து சாயங்காலமே ஊத்தி வச்சிடுவேன். வேலை முடியற வரைக்கும் மூடியில கைவைக்க மாட்டேன். முடிஞ்சப்புறம்தான் டீசல் துணியால துடைப்பேன்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார் பரணிதரன்.

"நீங்க ஏன் ஊத்தினேன்னு கேக்கலியே. எவ்வளவு டீசலை எடுத்து வித்தேன்னுதானே கேட்டீங்க."

கொக்கு ஒன்று எழுந்து பறந்து போய் வேறு வயலில் இறங்கியது. வானதி பையிலிருந்து பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தாள். மூஸாவின் முதுகில் வைத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பரணிதரனிடம் நீட்டினாள்.

"நீங்க கேட்ட லெட்டர்."

அவர் படித்தார். எஞ்சினில் கோளாறு இல்லை. ஓட்டுநரிடமும் இல்லை.

பரணிதரன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதே பைக்குள் ஏதோ தேடுவது போல இருந்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துப் பகலவனிடம் கொடுத்தார். "மழைக்கு முன்னால முடிச்சிடு," என்றார்.

பகலவன் வண்டியில் கால் வைக்கும்போது பிரகதாம்பாள் கூப்பிட்டார். சேற்றில் புடவை நனைய அவன் பக்கம் வந்து, சந்தனக் கிண்ணத்தையே அவன் கையில் கொடுத்தார்.

"நீயே வை. எங்க வைக்கணும்னு உனக்குத்தானே தெரியும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். பிறகு மூடியை டீசல் துணியால் சுத்தமாகத் துடைத்தான். சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்துத் துளையைக் குத்திப் பார்த்தான். அதன் பிறகு முன்னால் போய், இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் பொட்டை வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தான்.

எஞ்சின் கிளம்பியது. அன்று பொழுது சாயும் வரை அது நிற்கவில்லை. நிற்கிறதா என்று கடைசி வரை வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்திருந்தவர் மூஸா.