ராஜாவை அடகு வைத்தவள்

சித்தப்பாவின் பனியனுக்கு உட்புறம் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது. அந்தப் பைக்குள் ஒரு ராஜா படுத்திருந்தார். தாடி வைத்த ராஜா. அவர்கள் போய்க்கொண்டிருந்த நாட்டின் மிகப் பெரிய நோட்டில் அச்சடிக்கப்பட்டவர்.

எவ்வளவு பெரிய நோட்டு என்றால், விரித்துப் பிடித்தால் சித்தப்பாவின் முகமே மறைந்துபோகும். மூக்கு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும். அது நோட்டின் குற்றமில்லை.

“மொத்தப் பணத்தையும் ஒரே நோட்டா மாத்திட்டேன்,” என்று விமானத்தில் சித்தப்பா சொன்னார். “நூறு நோட்டுன்னா நூறு தடவை தொலையும். இது ஒரு தடவைதான் தொலையும்.”

பக்கத்து இருக்கையில் அவருடைய அண்ணன் மகள் வாண்டு. அவளுக்குப் பத்து வயது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவில் மட்டும் இருந்தது.

அவளுடைய அப்பா அந்த நாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று போன வருடமே எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். சுற்றிப் பார்க்கத்தான் வந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் ஏறி நின்ற சாரம் சரிந்து, அப்பாவும் ஓர் இரும்புத் தகடும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“காலை எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது வந்து பார்ப்பது நல்லது,” என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. அந்த ‘நல்லது’ வீட்டில் யாருக்கும் நல்லதாகப் படவில்லை. அம்மாவின் மடியில் பிறந்து சில நாளே ஆன தம்பி. அதனால் வாண்டுவும் சித்தப்பாவும் கிளம்பினார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஓர் இலவச வண்டி அவர்களைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியது. மழை பெய்துகொண்டிருந்தது. அழைத்துப்போக வருவதாகச் சொன்ன கம்பெனி ஆளைக் காணோம். சித்தப்பாவின் போன் அந்த நாட்டில் செத்துக் கிடந்தது.

மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள். சித்தப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பனியனுக்குள் கையை விட்டு, ராஜாவை வெளியே எடுத்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுநர் நோட்டைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு காசுப் பெட்டியைக் காட்டினார். அதில் நாணயம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. ராஜா நுழைய வழியில்லை.

இருவரும் இறங்கினார்கள். பேருந்து போய்விட்டது. அடுத்தது அரை மணி கழித்து. அதையும் விட்டால், அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

அன்று விடுமுறை. வங்கி மூடியிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் ராஜாவைக் கண்டதும் கல்லாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். டாக்சிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் நோட்டுக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாற்றித் தரவில்லை.

பத்திரிகைக் கடைக்காரர்தான் விஷயத்தைக் காட்டினார். அன்றைய பத்திரிகையில் இதே ராஜா நோட்டின் படம். படத்தின் குறுக்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

“கள்ள நோட்டு நடமாடுது போல,” என்றார் சித்தப்பா. “நம்மது நல்லதுன்னு யார் நம்புவா?”

ஒவ்வொரு கடையிலும் ராஜாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. ஐந்தாவது கடைக்குப் பிறகு அவருடைய தாடி ஒரு விரல் அளவு நீண்டிருந்தது என்று சித்தப்பா இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

வாண்டுவுக்கு இன்னொரு கஷ்டம். “சித்தப்பா, பாத்ரூம் போகணும்.”

“இப்பவா?”

“விமானத்துலேர்ந்தே.”

பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் ஒரு சின்ன மேசை. மேசைமேல் ஒரு தட்டு. பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள். காசு போட்டால்தான் உள்ளே போகலாம். வாண்டு காலி உள்ளங்கையைக் காட்டினாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “போ, போ” என்பதுபோலக் கையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போதுதான் வாண்டு கவனித்தாள். தட்டில் மட்டுமில்லை, மேசைக்கு அடியில் ஒரு வாளி நிறையவும் காசு. அந்த அம்மாள் அதைக் காலால்தான் நகர்த்தினாள். தூக்க முடியவில்லை. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

வாண்டு ஓடிப்போய்ச் சித்தப்பாவை இழுத்துவந்தாள். அம்மாள் நோட்டைப் பார்த்தாள். அவளும் பத்திரிகை படித்திருந்தாள். தலையை ஆட்டினாள்.

“வா, போகலாம்,” என்றார் சித்தப்பா.

வாண்டு போகவில்லை. நோட்டை மேசைமேல் வைத்தாள். அதன்மேல் காசுத் தட்டைத் தூக்கி வைத்தாள். தன்னையும் சித்தப்பாவையும் காட்டி இரண்டு விரல் நீட்டினாள். ஸ்டியரிங் பிடித்துப் பேருந்து ஓட்டினாள். பிறகு கன்னத்தில் கைவைத்துத் தூங்கி, விழித்து, இரண்டு விரலால் மேசைமேல் நடந்து திரும்பி வந்தாள்.

“என்னடி பண்றே?”

“நோட்டு இங்கயே இருக்கட்டும் சித்தப்பா. மீதி வேணாம். பஸ்ஸுக்கு மட்டும் கேக்கறேன். நாளைக்கு வந்து கணக்குப் பாத்துக்கலாம்.”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாம தங்க, சாப்பிட எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். பேரு தெரியாத பொம்பளைகிட்ட விட்டுட்டுப் போறதா?”

“கள்ள நோட்டா இருந்தா மீதிக் காசு மொத்தமும் போயிடும்னுதானே எல்லாரும் பயப்படறாங்க? இப்ப இவங்களுக்குப் போனா ரெண்டு டிக்கெட்தான் போகும்.”

“நமக்கு?”

“நமக்கு மொத்தமும் போகும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“அப்பாவைப் பாக்காம, இங்க உக்காந்து ராஜாவைப் பாத்துட்டு இருக்கலாமா சித்தப்பா?”

சித்தப்பா நோட்டை எடுக்கக் கையை நீட்டினார். பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூக்கு மட்டும் சிவந்தது.

“யாரைப் பார்க்க?” என்பதுபோல அந்த அம்மாள் விரலை விரித்தாள். வாண்டு மூக்குக்குக் கீழே மீசை வரைந்து காட்டினாள். பிறகு தன் காலைத் தொட்டாள். அதற்குமேல் அவளுக்குக் காட்டத் தெரியவில்லை.

அம்மாள் இரண்டு பேருக்கான காசை எண்ணி வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னும் அதே அளவு எண்ணி வைத்தாள். போனால் திரும்பி வர வேண்டாமா?

மருத்துவமனையில் அப்பாவின் கால்மேல் கூடாரம்போல ஒரு துணி. முகம் சுவர் நிறத்தில் இருந்தது. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“வாண்டு,” என்றார் அப்பா. “எப்படி வந்தே?”

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். ராஜா கழிப்பறைத் தட்டுக்கு அடியில் இருக்கும் இடம் வந்ததும் அப்பா சிரித்தார். சிரித்தது வலித்தது.

“நானும் இன்னைக்குப் பெரிய நோட்டைத்தான் நீட்டப் போறேன். என்ன மீதி கிடைக்குமோ, தெரியலம்மா.”

“எதுனாலும் வாங்கிட்டு வந்துடுங்கப்பா. சில்லறையா இருந்தாலும் பரவால்ல.”

கதவு மூடிக்கொண்டது.

வெளியே ஒரு பெஞ்சு. வாண்டு அதில் உட்கார்ந்து கதவையே பார்த்தாள். அது திறந்தபோதெல்லாம் இவர்களைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வந்தார்கள். விடிந்த பிறகுதான் டாக்டர் வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். கால் இல்லை என்றார். உயிர் இருக்கிறது என்றார்.

சித்தப்பா சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

அப்பா கண் விழித்ததும் வாண்டுவைத்தான் தேடினார். “மீதி கொஞ்சம் கம்மியாத்தான் வந்திருக்கு,” என்றார். குரல் காற்றாக வந்தது. “சரியாப் பாத்துக்க.”

வாண்டு பார்த்தாள். மீசை இருந்தது. இரண்டு கையும் இருந்தன. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தையும் பார்த்தாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“போதும்பா,” என்றாள்.

தூறலில் நனைந்தபடி பேருந்து நிலையத்துக்குத் திரும்பியபோது மேசை இருந்தது. தட்டு இல்லை. வாளி இல்லை. அந்த அம்மாளும் இல்லை.

சித்தப்பா படிக்கட்டில் உட்கார்ந்து சட்டைக்கு மேல் பனியன் பையைத் தடவிப் பார்த்தார். அது தட்டையாக இருந்தது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் வங்கியின் கதவு திறந்தது. கம்பளித் தொப்பி ஒன்று சாலையைக் கடந்து வந்தது. காசு காலியான வாளி ஒரு கையில். கட்டுப் போட்ட கையில் ஒரு துணிப்பை.

பை நிறையச் சின்ன நோட்டுகள். எல்லாவற்றுக்கும் கீழே கொஞ்சம் காசு. சித்தப்பா விரலை எச்சில் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். நான்கு டிக்கெட் காசு மட்டும்தான் கழிந்திருந்தது.

“ரெண்டாவது தடவை எதுக்கு சித்தப்பா?”

“முதல் தடவை கண்ணு சரியாத் தெரியல,” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார்.

அம்மாள் மூக்குக்குக் கீழே மீசை வரைந்தாள். விரலை விரித்தாள்.

வாண்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். கொஞ்சம் ஆடினாள். விழவில்லை.

அம்மாள் அவளுடைய ஈரத் தலையைத் தன் தொப்பியால் துடைத்துவிட்டாள். வாளிக்குள் இருந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாண்டு பைக்குள் கைவிட்டு இரண்டு காசு எடுத்தாள். நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. தட்டில் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.