பெயர் மாற்றி ஒட்டிய குழாய்

மூன்று முறையும் ஒரே எண் வந்ததுதான் கொத்தனாருக்கு உறுத்தியது. புள்ளி பூஜ்யம் எட்டு. போன வருடம் அவர் முதுகிலிருந்த கருமச்சத்தை வெட்டி எடுத்து, இது தோல் புற்று என்று சொன்ன டாக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஏதோ ஒரு புரதத்தை அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த எண் ஏறினால் உள்ளே எங்கோ பரவுகிறது என்று அர்த்தமாம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்பது வருடம் சுவர் எழுப்பியவர். இரண்டு செங்கல் ஒரே அளவில் இருந்து அவர் பார்த்ததில்லை. சோதிக்காமலே எழுதித் தருகிறார்கள், வேறென்ன.

நான்காவது முறை ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த பெண், அவர் மனைவிக்கும் தைராய்டுக்காக எடுத்தாள். மஞ்சள் மூடி போட்ட இரண்டு குழாய்கள் பெயர்ச்சீட்டோடு மேசையில் இருந்தன. அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து, கொத்தனார் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினார். என் பேரில் பொண்டாட்டி ரத்தம் போனாலும் அதே எண்தானே வரும், வரட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் மதியம் டாக்டரே போனில் கூப்பிட்டார்.

"ஐயா, நம்பர் பத்து மடங்கு ஏறியிருக்கு. நாளைக்கே ஸ்கேன் எடுத்துடலாம். கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

கொத்தனார் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். குளியலறையில் மனைவி மொண்டு ஊற்றும் தண்ணீர்ச் சத்தமும், கதவிடுக்கு வழியே வந்த சோப்பு வாசனையும், மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றிச் சுற்றி வருவதும், எல்லாம் தினமும் உள்ளதுதான். இன்றைக்கு எதுவும் தன் வீட்டினுடையதாகத் தோன்றவில்லை. லேபில் பொய்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். நெஞ்சு ஒப்பவில்லை. பொய் எழுதுகிறவன் பழைய எண்ணையே எழுதிவிட்டுப் போவான். புதிதாக எழுதினால், அவள் ரத்தத்தில் எதையோ பார்த்திருக்கிறான்.

ஈரத் தலையோடு வந்தவளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். கையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றார்.

"தலையக் காட்டு."

"பேன் பாக்கவா? கல்யாணமான புதுசுல பாத்திருந்தா நான் கொடுத்து வச்சவன்னு சொல்லியிருப்பேன்." சிரித்துக்கொண்டே குனிந்தாள். "வலது பக்கம் பாருங்க. ரெண்டு மாசமா அரிக்குது."

விரலால் முடியை விலக்கினார். வெள்ளை முடி. வெளுத்த தோல். மறுபடி விலக்கினார்.

கறுப்பு.

ஒரு கட்டைவிரல் அகலம். ஈரம் மினுங்கியது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. ஓரம் சுருங்கியது. கொத்தனார் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இடம் காலி.

இரண்டு விரல் தள்ளி இருந்தது.

"இருக்கா?" என்றாள்.

இன்னும் கொஞ்சம் விலக்கினார். வெளிச்சம் பட்ட இடத்தை விட்டு அது ஒதுங்கியது. நிழல் பக்கம். அவசரமே இல்லாமல். காது மடலின் பின்னால் போனது. விளிம்பில் ஏறியது.

"அரிப்பு நின்னுடுச்சுங்க," என்றாள் மனைவி நிம்மதியாக.

பாதி அவள் காதுக்குள் இறங்கியிருந்தது.