இப்போ கை வைக்கலாமா?

"முடிஞ்சிருச்சாம்மா? இப்போ கை வைக்கலாமா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் கத்திக்காரர் அவளிடம் கேட்ட கேள்வி இது. காகிதக் கட்டுகளை வெட்டும் மெஷினை இருபது வருடமாக ஓட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். அவள் கணினிகளுக்குப் பாதுகாப்பு மென்பொருள் போடுகிறவள். திரையில் பச்சை டிக் விழாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு 'டிக்கக்கா' என்று பட்டப்பெயர். அன்றும் டிக் விழுந்தது. அதன் கீழே ஒரு சின்ன மஞ்சள் அறிவிப்பும் வந்தது. 'சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பு பூட்டி வைக்கப்பட்டது.' பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. படிக்காமலே சரி என்று அமுக்கினாள்.

"ம், வைங்க" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பூட்டப்பட்டது அந்த மெஷினின் கண். கை உள்ளே இருந்தால் கத்தி இறங்காமல் நிறுத்துகிற சென்சாரின் புரோகிராம்.

அவள் பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் கத்தி இறங்கியது. இரண்டு கைகளும் மணிக்கட்டோடு ஒரே வெட்டில் போயின. கத்திக்காரர் கதவுக்கு ஓடினார். குமிழ் வைத்த கதவு அது. குமிழைத் திருகக் கை வேண்டும். முழங்கையால் இடித்திருக்கிறார். தோளால் இடித்திருக்கிறார். கடைசியில் பல்லால் கடித்துத் திருகப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் வந்தவர்கள் கண்டது, கதவடியில் விறைத்துக் கிடந்த உடலையும், இடுப்பளவுக்கு ரத்தம் அப்பிக் காய்ந்திருந்த கதவையும், பித்தளைக் குமிழில் பதிந்த பல்தடத்தையும்தான்.

செய்தி கேட்டதும் தன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே அந்தக் கோப்பின் பூட்டை எடுத்துவிட்டாள். விசாரணையில் ஆளின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

காலியான அந்த இடத்துக்கு ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். "அந்த வேலை அத்தானுக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னபோது, "ஏன்டி?" என்று அக்கா கேட்டாள். "சும்மாதான் சொன்னேன்" என்று மழுப்பிவிட்டாள்.

இப்போது பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். அச்சகத்தில் மூன்று விதக் கணினிகள் இருந்ததால் தூரத்திலிருந்து அனுப்பியது எதிலும் ஏறவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து கையால்தான் போடவேண்டும். சென்சார் கோப்பின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டாள். இதைத் தொடாதே என்று புது மென்பொருளிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அத்தானின் கைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அத்தான்தான் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு எத்தனை ஊசி?"

"மூணு, அத்தான்."

"வலிக்குமா?"

"மெஷினுக்குத்தான். நீங்க ஏன் முகத்தைச் சுளிக்கறீங்க?"

"ஒரு கட்டு வெட்டாம பாக்கி நிக்குது. சீக்கிரம் முடிச்சு விடு. சாப்பாட்டுக்கு வரலைன்னா உங்க அக்கா என்னை வெட்டிடுவா."

அவள் சிரித்தாள். மடிக்கணினியின் மூலையில் வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். அது அந்த விரலுக்கு மட்டும்தான் திறக்கும்.

முன்னறையில் இருந்தது விண்டோஸ். பழையதை நீக்கினாள். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. பழையது போய்ப் புதியது வராத அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் நிற்பதுபோல இருக்கும்.

புதியது ஏறியது. பச்சை டிக்.

அதன் கீழே மஞ்சள் அறிவிப்பு. 'ஒரு கோப்பு பூட்டி வைக்கப்பட்டது.'

பெயரைப் படித்தாள். துண்டுச்சீட்டைப் பார்த்தாள். அதே பெயர். கடிதம் அடிக்கிற இந்தக் கணினியில் வெட்டு மெஷினின் கண் எப்படி வந்தது?

பூட்டிய கோப்புகளின் பழைய பட்டியல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். விரல் நுனிகள் பிசுபிசுத்தன. கைக்குட்டையில் துடைத்தாள். துணி சிவந்தது.

உள்ளே எங்கோ ஒரு சத்தம். தட்.

விரல்முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை அது. முழங்கையால் இடிக்கிற சத்தம்.

"அத்தான், நீங்களா?"

"நான் வாசல்ல நிக்கறேன்மா!"

படம் வரைகிற அறையில் இருந்தது மேக். அதில் ஒவ்வொரு அனுமதியையும் ஆளே கையால் கொடுக்கவேண்டும். எல்லாக் கோப்புகளையும் பார்க்க இந்த மென்பொருளை அனுமதிக்கிறாயா என்று திரை கேட்டது. விரலை வை, அல்லது கடவுச்சொல்லை அடி என்றது. அவள் கடவுச்சொல் எழுதிய சீட்டைப் பையில் தேடினாள்.

'விரல் ஏற்கப்பட்டது.'

அவள் இரண்டு கைகளும் பைக்குள் இருந்தன.

விசைப்பலகையின் மூலையில், விரல் வைக்கும் இடத்தில், ஈரமாக ஒரு கட்டைவிரல் தடம். மெஷின் எண்ணெயும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அந்தத் தடத்தின் பக்கத்தில் இன்னொரு தடம் தானாகப் பதிந்தது.

தட். தட்.

ஓடிவிடலாம். ஆனால் வெட்டு மெஷினின் கண்ணைச் சரிபார்க்காமல் போனால், மதியத்துக்குள் அத்தான் அந்தக் கத்தியின் கீழே கை வைப்பார். அவள் வெட்டும் கூடத்துக்குப் போனாள்.

அங்கே இருந்தது லினக்ஸ். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தாள். சென்சார் கோப்பை விலக்குப் பட்டியலில் சேர்த்தாள். ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரு மரச்சட்டத்தைக் கத்தியின் கீழே நீட்டி, கத்தியை இறக்கும் கால்மிதியை மிதித்தாள். கத்தி இறங்கவில்லை. கண் விழித்திருந்தது.

பச்சை டிக். மஞ்சள் எதுவும் இல்லை.

அத்தான் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு வந்து மேடையில் வைத்தார்.

"முடிஞ்சுதா? இப்போ கை வைக்கலாமா?"

அப்போதுதான் விசைகள் அமுங்கத் தொடங்கின. ஒன்று. இன்னொன்று. யாரும் தொடாமல். ஒவ்வொரு விசையிலும் சிவப்பாக ஒரு சொட்டு. விலக்குப் பட்டியலில் அவள் எழுதிய வரி எழுத்தெழுத்தாக அழிந்தது.

மஞ்சள் அறிவிப்பு எழுந்தது.

இருங்க என்று கத்த வாயைத் திறந்தாள். யாரோ ஒருவரின் குளிர்ந்த உள்ளங்கை வாயைப் பொத்தியது.

அவளுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே பதில் சொன்னது. சலித்துப்போன, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட குரல்.

"ம், வைங்க."

அத்தான் கட்டைச் சரிசெய்ய இரண்டு கைகளையும் கத்தியின் கீழே நீட்டினார். கால்மிதி தானாக அமுங்கியது.

அவள் பாய்ந்தாள். தோளால் மோதி அவரைத் தரையில் தள்ளினாள். விழாமலிருக்க ஊன்றிய வலது கை மேடைமேல், கத்தியின் கீழே இருந்தது. இழுத்தாள். வரவில்லை.

இரண்டு கைகள் அதை அமுக்கிப் பிடித்திருந்தன. காய்ப்பேறிய கைகள். மணிக்கட்டோடு முடிந்துபோன கைகள்.

கத்தி இறங்கியது.

முதலில் வலிக்கவே இல்லை. வெள்ளைக் காகிதம் சிவந்து பரவுவதைத்தான் பார்த்தாள். நான்கு விரல்கள் மேடையில் உருண்டன. ஒன்று இன்னும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பிறகுதான் வலி தோள்வரை பிய்த்துக்கொண்டு ஏறியது. கத்தி மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது. எலும்புகள் பென்சில்போல ஒடிந்தன. அத்தான் தவழ்ந்துபோய் மெயின் சுவிட்சை உதைத்து அணைக்கும்வரை அது அவளை வெட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல் முழுக்க வெயில். வலது கை இருந்த இடத்தில் கட்டுத்துணி உருண்டையாக இருந்தது. வெட்டுப்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு ஆள்காட்டி விரல் மட்டும் அகப்படவே இல்லை. காகிதக் குப்பையை மூன்று முறை உதறிப் பார்த்துவிட்டார்கள்.

அத்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் கையைக் காப்பாத்திட்டியே தாயி" என்றபோது அவர் குரல் உடைந்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கத்திக்காரர் கேட்டதை, நிமிராமல் சொன்ன பதிலை, படிக்காமல் அமுக்கிய அறிவிப்பை, சத்தமில்லாமல் எடுத்த பூட்டை.

அவர் முகம் மெல்ல இறுகியது.

"இது உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சும் என்னை அங்க போக விட்டியா?"

கட்டில் பக்கத்து மேஜையில் அவளுடைய மடிக்கணினி இருந்தது. மூன்று நாளாக யாரும் தொடாதது.

மூடி தானாக நிமிர்ந்தது.

'விரல் ஏற்கப்பட்டது.'

மூலையில் ஈரமாக ஒரு தடம். அதன் வளையங்களை அவளுக்குத் தெரியும். அவளுடைய விரல்தான்.

வெற்றுத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'முடிஞ்சிருச்சாம்மா? இப்போ கை வைக்கலாமா?'

அத்தான் அதைப் படித்தார். போர்வைமேல் கிடந்த அவளுடைய இடது கையைப் பார்த்தார். எழுந்தார். தன் இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"அத்தான்..."

முழங்கையால் கதவை இடித்துத் திறந்துகொண்டு போய்விட்டார்.