மறுமுனை

தையற்காரி அந்தப் பழைய வீட்டின் கதவைத் தட்டியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு காலத்தில் அநாதைக் குழந்தைகளின் காப்பகம். இப்போது பழைய கட்டில், மெத்தை போட்டுவைக்கும் கிடங்கு. அவளுடைய தாத்தா பேச்சு வராத வயதில் இங்கிருந்துதான் தத்துப் போனார். இன்னார் பிள்ளை என்று தெரியாமலே கிழவராகிவிட்டார், கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கேட்க ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. தூங்கவும் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம். படுக்கும்போது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொள்வார். மறுமுனை கட்டிலுக்கு வெளியே தொங்கும். அதை இரண்டு முறை மெல்லச் சுண்டிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். பட்டை நைந்தால் புதிது தைத்துத் தருவது பேத்திதான். ஏன் என்று கேட்டால், "பல்லு விளக்குறதுக்கும் காரணம் கேப்பியா?" என்பார்.

இன்று அவள் இங்கே கிளம்பும்போது அதைக் கழற்றி நீட்டினார். அவள் பைக்குள் போடப் போனாள்.

"பையில வேணாம். கட்டிக்க. யாரு கையிலயாவது இருக்கணும்."

"யாரு தாத்தா அப்படிச் சொன்னது?"

அவருக்கே தெரியவில்லை. ஊசி குத்திவைக்கும் பஞ்சுத் திண்டை மாட்டுகிற அதே மணிக்கட்டில் அவள் கட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்த காவல்காரி முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"இத யாரு கட்டிவிட்டது?"

"எங்க தாத்தா. இங்கேருந்து தத்துப் போனவரு."

காவல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மா இங்க ஆயாவா இருந்தா. சாகுற வரைக்கும் அந்தப் பையனப் பத்தியேதான் பேச்சு."

மாடி அறையில் இரும்புத் தொட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. புளித்த பால் வாடை. இங்கே குழந்தைகள் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

"ரெட்டைப் புள்ளைங்க. ஆணும் பொண்ணும். யாரோ வாசல்ல போட்டுட்டுப் போனது. பிரிச்சுப் போட்டா அழுது வீட்டையே ரெண்டாக்கிடுமாம். எங்கம்மா ரெண்டு கையையும் ஒரே பட்டையில கட்டிவிட்டா. இது சுண்டும், அது திருப்பிச் சுண்டும். அப்புறம் தூங்கிடும்."

"தாத்தாவ மட்டும் குடுத்துட்டாங்களா?"

"வந்தவங்க பையன் மட்டும் போதும்னுட்டாங்க. தூக்கத்துலயே அவுத்துக் குடுத்துட்டா. பாப்பா முழிச்சுக்கக் கூடாதேன்னு, பையன் கையில இருந்த முனையத் தொட்டில் கம்பியில கட்டிட்டா." காவல்காரியின் குரல் இறங்கியது. "கம்பி திருப்பிச் சுண்டுமா கண்ணு? இழுத்து இழுத்துக் கை வீங்கி, பால் குடிக்காம, போயிடுச்சு."

ஜன்னலோரத் தொட்டிலில் ஒரு கம்பி மட்டும் துரு ஏறாமல், ஓரிடத்தில் தேய்ந்து பளபளத்தது.

தையற்காரி குனிந்தாள்.

பட்டை இழுபட்டது.

எதிலோ மாட்டியிருக்கும் என்று பார்த்தாள். மாட்டவில்லை. மறுமுனை தொட்டிலை நோக்கி அந்தரத்தில் விறைத்து நின்றது.

மறுபடியும் ஒரு சுண்டு.

"பதில் குடுக்காத." காவல்காரி எப்போதோ படிக்கட்டுக்குப் போயிருந்தாள். "நான் ஒரு நாளும் குடுத்ததில்ல."

மிக அருகில் ஒரு விசும்பல் தொடங்கியது. பசி அழுகை இல்லை. காத்துக் காத்துச் சலித்த அழுகை.

தையற்காரியின் கை தானாக இரண்டு முறை சுண்டியது.

விசும்பல் நின்றது.

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் கன்னத்துக்கு அடியில். அப்படி அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

"சாயங்காலம் சட்டுனு அசந்துட்டாரு," என்றாள் நர்ஸ். "'கைய விட்டுட்டா'ன்னு ஒரே சிரிப்பு. யாரு, பாட்டியா?"

"கூடப் பொறந்தவங்க."

நர்ஸ் போனதும் அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டினாள். துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டு மூடினாள். நாற்காலியில் சாய்ந்தாள்.

கட்டிலுக்கு அடியில் விசும்பல்.

தாத்தாவின் புருவம் சுருங்கியது. ஒரு கை கன்னத்தடியிலிருந்து நழுவி வெளியே வந்து, விளிம்பைத் துழாவியது.

அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் தள்ளினாள். பிறகு தன் வெறும் மணிக்கட்டை, எதுவும் இல்லாத காற்றில், இரண்டு முறை சுண்டினாள்.

அழுகை அடங்கியது. தாத்தாவின் மூச்சு சீரானது.

கீழேயிருந்து பதில் வந்தது.