காஹுவுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை

கைகோராவில் பேருந்து நின்றதும் எல்லோரும் கேமராவும் கையுமாக இறங்கினார்கள். பனி போர்த்திய மலை கடலோரம் வரை வந்து நிற்கும் ஊர் அது. கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் அடி காணாத பள்ளம், அதற்குள் திமிங்கலங்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். மாரமாவுக்கு இருந்த இரண்டு கண்ணும் அழுது வீங்கிப் போயிருந்தன.

அவள் தம்பி காஹு இங்கே திமிங்கலம் காட்டும் படகில் வேலை பார்த்தவன். விடுமுறையன்று சிப்பி எடுக்க மூழ்கியவன் மேலே வரவில்லை. கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் மாவோரிப் பெரியவர்கள் அந்த நீருக்கு விலக்கு வைப்பார்கள்; அது எடுபடும்வரை யாரும் வலை வீசுவதில்லை, படகு இறக்குவதில்லை. இன்று காலைதான் மந்திரம் ஓதி விலக்கை எடுத்திருந்தார்கள். ஊரும் எவ்வளவு நாள்தான் வாயைக் கட்டும்?

உடல் மட்டும் கிடைக்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழ, திட்ட, பழைய கதை பேசிச் சிரிக்க ஒரு முகம் வேண்டாமா? தாய் போனபின் மாரமாதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஓர் எலும்பாவது கிடைக்காதா என்றுதான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிளம்பி வந்தாள்.

தாய்மாமன் எருவேரா வண்டியோடு காத்திருந்தார். காஹு வேலை பார்த்தது அவர் படகில்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

"பசிக்கல மாமா."

"பசிக்குதான்னு யாரு கேட்டா? பின்சீட்டுல வறுத்த ரொட்டி இருக்கு, தின்னு." கொஞ்ச தூரம் போனபின் குரலைத் தாழ்த்தினார். "இப்பவே கடலுக்குப் போய் அவன வழியனுப்பிடலாம். அப்புறம் பெரியவர் வந்து, அவன் ஆவி தங்காம வீட்ட மிதிச்சு மந்திரிச்சுடுவாரு. இனிமே தள்ளிப்போட வேணாம்."

கரையோரம் இருந்த காஹுவின் வீட்டில் பையை வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவள் படகேறினாள்.

குளிர்கால வெயில் நான்கு மணிக்கே சோர்ந்துவிட்டது. பள்ளத்துக்கு மேலே எருவேரா எஞ்சினை நிறுத்தி, கயிற்றில் கட்டிய மைக்கை நீருக்குள் இறக்கினார். தினமும் திமிங்கலத்தைத் தேடுகிற வழி அதுதான்.

டக். டக். டக்.

"கீழ வேட்டையாடுறான். சத்தம் நின்னா மேல வர்றான்னு அர்த்தம்." அவள் கையிலிருந்த இலைமாலையைப் பார்த்தார். "பொம்பளக் குரல்தான் செத்தவங்களுக்குக் கேக்கும். மாலையப் போட்டுட்டு மூணு தடவ போன்னு சொல்லு. வேற ஒரு வார்த்த வேணாம். செத்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ற வடக்கு முனைக்குப் பாதி வழி நடந்திருப்பான். நடக்கிறவனக் கூப்பிடக் கூடாது, தெரியுமில்ல?"

தெரியும். சின்ன வயதிலிருந்தே எத்தனையோ சாவுகளில் அவளே சொன்ன வார்த்தை. ஆனால் மற்றவர்களின் பிணத்துக்குச் சொல்வது வேறு.

மாலை நீரில் விழுந்தது. மாரமா வாயைத் திறந்தாள்.

"காஹு... வீட்டுக்கு வாடா."

எருவேராவின் முகம் வெளிறியது. "அடிப்பாவி! என்ன சொன்ன நீ?"

டக் சத்தம் நின்றது.

பழக்க தோஷத்தில் அவர் திமிங்கலத்தின் மூச்சைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். எங்கும் நீர் பீச்சவில்லை. கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. மிதந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

அழுகிய பாசியின் நாற்றம் வந்தது.

படகின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது. வளர்ந்த ஆள் ஒருவன் விளிம்பைப் பிடித்து ஏறினால் எவ்வளவு அமிழுமோ, அவ்வளவு.

"திரும்பாத," என்று கிசுகிசுத்தார் எருவேரா.

"அவன்தானா மாமா?"

"அவனாவே இருந்தாலும் திரும்பாத."

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டே கரைக்கு வந்தது. இறங்கும்போது பின்பாரம் குறைந்ததை இருவருமே உணர்ந்தார்கள். எருவேரா தீட்டுக் கழியப் புட்டித் தண்ணீரை இருவர் தலையிலும் தெளித்துவிட்டு, பெரியவரை அழைத்துவர ஓடினார். அதற்குள் மாரமாவின் கால்கள் தாமாக வீட்டை நோக்கி நடந்துவிட்டன.

பூட்டிய கதவு திறந்திருந்தது. கூடமெல்லாம் ஈரம்.

பெரியவர் வந்து, மந்திரம் ஓதியபடி ஒவ்வோர் அறையாகத் தரையை மிதித்துக்கொண்டு போனார். காஹு படுக்கும் அறைக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்தக் கதவு மூடியிருந்தது. அடியிலிருந்து கடல்நீர் கசிந்தது.

"என்னால ஆகாதும்மா," என்றார். "கூப்பிட்டவதான் அனுப்பணும்."

மாரமா கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பனிக்கட்டியின் குளிர். ஓர் எலும்பு கேட்டு வந்தவளுக்கு முழு ஆளே பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். திறந்தால் முகம் பார்க்கலாம். இத்தனை நாள் நீரில் கிடந்த முகம். எருவேரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திக் கதவடைப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"போடா," என்றாள். "போ, காஹு. போ."

உள்ளே நீர் சொட்டும் சத்தம் நின்றது. எருவேரா மூச்சை விட்டார்.

அப்போது, பலகைக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல் கேட்டது.

"எந்தப் பக்கம்க்கா?"

மாரமா பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் ஓரடி பின்வாங்கினார்.

"இருட்டா இருக்குக்கா. நடந்த வழி மறந்துபோச்சு. எந்தப் பக்கம்?"

உயிரோடிருக்கிற யாருக்கு அந்த வழி தெரியும்?

மாரமா கிறைஸ்ட்சர்ச் திரும்பவில்லை. அவனைத் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. கதவைத் திறக்கவும் துணிவு வரவில்லை. வெளியே பயணிகள் சிரித்துக்கொண்டே படகேறுகிறார்கள். அவள் கூடத்துத் தரையைத் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்க ஊறுகிறது. உள்ளிருந்து கேட்கும்போதெல்லாம் "தெரியலடா கண்ணு" என்கிறாள்.

கொஞ்ச நாளாக அவன் அக்கா என்று கூப்பிடுவதில்லை. கேள்வி மட்டும் வருகிறது.