பன்னிரண்டாவது பெட்டி

காலை 7.10. கனிஷ்கா பன்னிரண்டாவது பெட்டியைத் திறந்தாள். எலுமிச்சைகளின் மேல் பச்சைப் பூஞ்சணம்.

"உங்க ஈஸ்ட்டை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்றார் பிச்சமுத்து. உப்பிலியபுரத்தில் தோட்டமும் ஸ்ரீரங்கத்தில் வீடும் இந்தக் கிடங்கும் உள்ளவர். "பத்து மணிக்கு வாங்கறவங்க வராங்க."

பறித்த பழத்தை ஈஸ்ட் கரைசலில் முக்கினால் தோலின் காயங்களில் ஈஸ்ட் முந்திக் குடியேறிவிடும்; பூஞ்சணத்துக்கு இடமிருக்காது. கே.கே. நகர் ஆய்வுக்கூடத்தில் கனிஷ்கா மூன்று வருடம் மாரடித்தது இதற்காகத்தான்.

"அம்மாசி வேலைதான். இதை மட்டும் வெறும் தண்ணியில முக்கியிருப்பான்," என்றார் பிச்சமுத்து.

காவலாளி அம்மாசியின் கன்னம் சிவந்திருந்தது. அறுபது வயது மனிதரை விசாரிக்காமலே பிச்சமுத்து அறைந்திருந்தார்.

7.40. மற்ற பதினொரு பெட்டிகளிலும் முள் கீறிய பழங்கள் இருந்தன. ஒன்றில்கூடப் பூஞ்சணமில்லை. பன்னிரண்டாவதிலும் கீறல்கள் சுத்தம். பூஞ்சணம் வேறு இடத்தில் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பழத்திலும் இரண்டு புள்ளி, நேரெதிரே.

"எப்ப முக்கினீங்க?"

"புதன்கிழமைங்கம்மா. எல்லாம் ஒரே தொட்டிதான்," என்றார் அம்மாசி.

8.15. புள்ளி விழுந்தவற்றை எண்ணினாள். நூற்றெட்டு.

"கிடங்குக்கு இன்னொரு சாவி எங்க?"

"வீட்ல இருக்கு," என்றார் பிச்சமுத்து.

அவர் மனைவி மகாலட்சுமி காபியோடு வந்தாள்.

"அக்கா, அம்மனுக்கு எலுமிச்சை மாலை எப்ப சாத்தினீங்க?"

"வெள்ளிக்கிழமை. சரக்கு கெடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இந்தப் பழத்தையே கோத்தேன். மறுநாள் பூசாரி கழட்டிக் கொடுத்தாரு. அம்மன் அருள் எல்லாத்துக்கும் சேரட்டும்னு பெட்டியிலயே போட்டுட்டேன்."

"கீறல் முக்கறதுக்கு முன்னாடி வந்தது, அதுல ஈஸ்ட் உக்காந்துடுச்சு. ஊசி ஓட்டை பின்னாடி வந்தது. உள்ள வரைக்கும் போன ஓட்டையில காக்க ஈஸ்ட் இல்லை, அக்கா. அம்மாசி ஒரு தப்பும் பண்ணலை."

 பிச்சமுத்து மனைவியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கை நீண்டதெல்லாம் ஏழையின் கன்னத்துக்கு மட்டும்தான்.

"சரி விடு அம்மாசி. போய்த் தொட்டியைக் கழுவு."

அம்மாசி கிடங்குச் சாவியைப் பெட்டிமேல் வைத்தார்.

"அதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்ன?"

"அறைஞ்சப்புறம்தானுங்களே தெரிஞ்சுது." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

10.00. வந்தவர்கள் பதினொரு பெட்டிகளையும் பார்த்து அசந்துபோனார்கள். "ஒரு பழம் விடாம பதமா முக்கியிருக்காங்களே. யாருங்க?"

"நான்தாங்க," என்றார் பிச்சமுத்து.