வேறொரு கணினியில்

வரைபட மென்பொருளின் உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றதும், வரைபடக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருவது அவள் தொழில். இருப்பது ஒரே கணினி. அம்மா போனபிறகு அந்த மாடி வீட்டில் இருப்பதும் ஒரே ஆள்தான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விட்டும் விடாத மழை, ஜன்னலுக்கு மேலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பகலில் வந்த அக்காவின் 'சாப்பிட்டியா' என்ற ஒற்றை வரிக்கு அவள் இன்னும் பதில் போடவில்லை. காலையில் வரைபடத்தை ஒப்படைத்தாக வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைந்தாள். 'என் கணினிகள்' பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. 'நீக்கு' என்பதை அழுத்தினாள். மறைந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் மறுபடி முளைத்தது.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஓர் இளம்பெண் எடுத்தாள். அன்று முழுக்க வரைபடக்காரியின் காதில் விழுந்த முதல் மனிதக் குரல்.

"மேடம், ரெண்டு கணினியும் ஒரே இணைப்புலதான் இருக்கு. உங்க வீட்டு இணைப்பு. வேற யாராவது இருக்காங்களா?"

"நான் ஒண்டிக்கட்டைம்மா."

"புரியுது மேடம். ஆனா…" விசைகளைத் தட்டும் சத்தம். "அங்கேருந்தும் ஒரு புகார் வந்திருக்கு. உங்க கணினிய நீக்கச் சொல்லி."

"என்னையா? ஏனாம்?"

அந்தப் பெண் படித்துக் காட்டினாள். "'நான் தனியாத்தான் இருக்கேன், இந்த வீட்ல வேற யாரும் இல்ல'ன்னு எழுதியிருக்கு."

வரைபடக்காரி சிரிக்கப் பார்த்தாள்.

"அதுல ஒரு கோப்பு திறந்திருக்கு மேடம். உங்க கணக்குலதான் சேமிக்குது. தளத்துலயே நீங்க பாக்கலாம்."

திறந்தாள். அவள் வரையாத வரைபடம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவளுடைய வீடு. கூடம், சமையலறை, அம்மாவின் அறை, எல்லாம் இம்மி பிசகாமல். கூடத்தின் பின்சுவருக்கு அப்பால், வெறும் ஆகாயம் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில், ஜன்னலில்லாத ஓர் அறை. கோடுகள் அவள் கண்ணெதிரே நீண்டன. பின்சுவரில் ஓர் இடைவெளி விழுந்தது. அதிலிருந்து கால்வட்டமாக ஒரு வளைகோடு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டும் கோடு.

கூடத்துப் பக்கம்.

அவள் நாற்காலிக்குப் பின்னால்.

பிடரியில் ஈரச் சிமெண்டின் வாசனை குளிராக வந்து படிந்தது. அவள் திரும்பவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"வெச்சிடாதம்மா. ஏதாவது பேசிட்டே இரு."

"என்ன பேசறது மேடம்?"

"எதையாவது. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

திரையில் வாசற்கதவு அழிந்தது. அந்த இடைவெளியைக் கோடு நிரப்பியது.

கைபேசியோடு ஓடினாள். நடைவழியின் கோடியில் கையை வீசி அறைந்தாள். தாழ்ப்பாள் இல்லை. கதவே இல்லை. சுவர். உள்ளங்கையில் ஈரச் சாந்து ஒட்டியது.

"மேடம், சரியாயிடுச்சு. இப்ப ஒரே கணினிதான் காட்டுது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"கேளும்மா, நான்…"

"ஹலோ? ஹலோ மேடம்? பேசறது கேக்கல."

இணைப்பு அறுந்தது.

கூடத்திலிருந்து மவுஸ் சொடுக்கும் சத்தம். நடைவழி ஜன்னல் சுவராயிற்று. மழையின் சத்தம் நின்றது. இன்னொரு சொடுக்கு. அம்மாவின் அறைக்கதவு போயிற்று.

திரை வெளிச்சத்தில் அது தெரிந்தது. அவளுடைய நாற்காலியில், முதுகைக் காட்டி. காயாத சாந்தின் நிறம்.

"யாரு?" என்று அலறினாள். மறுபடி. மறுபடி.

அது தலையைக்கூடத் திருப்பவில்லை. வேறு ஆளில்லாத வீட்டில் இருப்பவர்களைப் போல, தனக்குத்தானே மெல்ல எதையோ முனகியபடி, வரைந்துகொண்டிருந்தது.

சொடுக்கு.

நடைவழியின் வாய், இரண்டு பக்கத்திலிருந்தும், மூடத் தொடங்கியது.